பத்து மாத எம்.எஸ்., பதினாறு மாத எம்.எஸ்.: வேலை எதில் கிடைக்கும்?

சார், வணக்கம். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் பயன்படும். உங்கள் மகள் ஈசிஇ முடித்துவிட்டு சிறுசேரியில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறார். ஒரு வங்கியின் கணினி அமைப்பு நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்ளும் புரொடக்‌ஷன் சப்போர்ட். அமெரிக்காவில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் எம்.எஸ். படிக்க இரண்டு இடங்களிலிருந்து அட்மிட் (சேர்க்கை அனுமதி) வந்திருக்கிறது. ஒன்று ஆகஸ்டில் தொடங்கி அடுத்த மே மாதமே முடிந்துவிடும். மற்றது பதினாறு மாதம், டிசம்பர் வரை போகும், செலவும் கூடுதல். நங்கநல்லூர் வீட்டுப் பத்திரத்தை வைத்து 40 லட்சம் கடன் வாங்கலாமா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி.

நான் இதே படிப்பைப் படித்து, அங்கே சில வருடம் வேலை பார்த்து, இப்போது பெருங்குடியில் ஒரு ஜிசிசியில், அதாவது வெளிநாட்டுக் கம்பெனி தன் வேலைக்காக இங்கே நடத்தும் அலுவலகத்தில், இருக்கிறேன். ஆள் எடுக்கும் வேலையும் என் தலையில்தான். அதனால் போகிறவர்களின் கணக்கும் தெரியும், திரும்பி வருகிறவர்களின் கணக்கும் தெரியும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருட அனுபவம் இருப்பதால் உங்கள் மகளுக்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பத்து மாதப் படிப்பில் வேலை தேடுவது விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். அதற்கு அவர் தயாராக இல்லையென்றால், செலவு கூடினாலும் பதினாறு மாதத்தையே எடுக்கச் சொல்வேன். கடன் விஷயம் தனி; கடைசியில் வருகிறேன்.

காரணம் விசா விதியில் இருக்கிறது. எஃப்-1 விசாவில் போகிற மாணவர், படிக்கும் காலத்தில் வெளியே ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்ய சிபிடி என்ற அனுமதி வேண்டும். அதை வாங்க, பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேர மாணவராகப் படித்திருக்க வேண்டும். அதாவது இரண்டு செமஸ்டர். படிப்பே இரண்டு செமஸ்டரில் முடிந்துவிட்டால் சிபிடிக்கு ஏது இடம்? பதினாறு மாதப் படிப்பில் ஆகஸ்டில் சேர்ந்து மே மாதம் இரண்டு செமஸ்டர் முடித்து, நடுவில் ஒரு கோடை முழுவதும் இன்டர்ன்ஷிப் செய்துவிட்டு, ஆகஸ்டில் திரும்பி வந்து டிசம்பரில் பட்டம் வாங்கலாம். இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அந்த ஒரு கோடைதான். பாடத்திட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அந்தக் கோடைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் பட்டதாரிகளுக்கான இடங்களில் கணிசமான பங்கைத் தங்களிடம் இன்டர்னாக இருந்தவர்களைக் கொண்டே நிரப்பிவிடுகின்றன. பன்னிரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த ஆளை விட்டுவிட்டு, அரை மணி நேர இன்டர்வியூவில் பார்த்த ஆளை எடுக்க யாருக்கும் மனசு வராது. அதிலும் அந்த ஆளுக்கு விசா வேலையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். பத்து மாதத்துக்காரர்கள் மிச்சமிருக்கும் நேரடி இடங்களுக்குத்தான் போட்டி போடுகிறார்கள்.

இதைப் படிப்பு நடத்துகிறவர்களும் அறிவார்கள். கார்னகி மெலனின் ஹெயின்ஸ் கல்லூரியில் இதே துறைப் படிப்பை 16 மாதப் பாதையாக வைத்து, நடுவில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 12 மாதப் பாதை என்று ஒன்று தனியாக உண்டு. அது ஏற்கெனவே வேலை பார்த்து அனுபவம் பெற்றவர்களுக்கு. குறுகிய படிப்பு யாருக்குப் பொருந்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். காலேஜ் முடித்த கையோடு போகிற பிள்ளைகளுக்குப் பத்து மாதப் படிப்பை நான் சிபாரிசு செய்வதே இல்லை. உங்கள் மகள் அந்த வகை இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அப்புறம் ஆள் எடுக்கும் நேரம். அடுத்த ஜூனில் சேர வேண்டிய ஆளை இந்த வருடம் ஆகஸ்ட் கடைசியிலிருந்தே தேட ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாண மண்டபம் பிடிக்கிற மாதிரி, தேதி தூரத்தில் இருக்கும்போதே நல்லவை போய்விடும். பல்கலைக்கழகத்தின் கேரியர் ஃபேர் (கம்பெனிகள் ஆள் தேடி வரும் முகாம்) பெரும்பாலும் செப்டம்பரில் வரும். உங்கள் மகள் அங்கே போய் இறங்கி, அறை பிடித்து, வங்கிக் கணக்கு திறந்து, முதல் அசைன்மென்ட்டைக் கொடுப்பதற்குள் அது முடிந்திருக்கும். முதல் செமஸ்டர் மதிப்பெண்கூடக் கையில் இருக்காது. அந்த மேடையில் அவர் காட்டக்கூடியது இங்கிருந்து கொண்டுபோகும் மூன்று வருடம் மட்டும்தான். ஆகவே ரெஸ்யூமே, லிங்க்ட்இன், கேட்டால் சொல்ல வேண்டிய மூன்று நான்கு வேலைக் கதைகள் எல்லாம் ஜூலைக்குள் சென்னையிலேயே தயாராகிவிட வேண்டும்.

ரெஸ்யூமே பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளிலிருந்து வரும் ரெஸ்யூமேக்களில் பாதி ஒரே அச்சில் இருக்கும். “ரெஸ்பான்ஸிபிள் ஃபார் டிக்கெட் ரெசல்யூஷன் அண்ட் கிளையன்ட் கம்யூனிகேஷன்” என்று ஒரு வரி. இதைப் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் மகள் உண்மையில் என்ன செய்தார்? வங்கியின் கணக்குகளை மொத்தமாக முடிக்க இரவில் தானாக ஓடும் பேட்ச் ஜாப் நின்றுபோனால், காலையில் வங்கிக் கிளைகள் திறப்பதற்குள் அதை ஓட வைத்தார். எந்த ஜாப் அடிக்கடி நின்றது, ஏன் நின்றது, அது மறுபடி நிற்காமல் இருக்க என்ன மாற்றினார், அதற்குப் பிறகு எத்தனை டிக்கெட் (பதிவான புகார்) குறைந்தது, இவ்வளவையும் இரண்டு வரியில் எழுதட்டும். எண்ணிக்கை அவரிடமே இருக்கும். இல்லையென்றால் வேலையை விடுவதற்கு முன் குறித்துக்கொள்ளட்டும். வாடிக்கையாளரின் பெயர், உள் விவரங்கள் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. எண்ணும் காரணமும் போதும்.

இன்டர்வியூவில் எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி, கட்டாயம் கேட்பார்கள். நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றையே சொல்கிறேன். எல்லா வாடிக்கையாளர்களும் வர வேண்டும், ஆர்டர் இல்லாதவர்களும் உட்பட. ஆனால் ஆர்டரில் இந்த வருடத்தவை மட்டும். பலர் லெஃப்ட் ஜாயின் (முதல் பட்டியலில் உள்ள எல்லோரையும் வைத்துக்கொள்ளும் இணைப்பு) சரியாகப் போட்டுவிட்டு, ஆர்டர் தேதிக்கான நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில் எழுதுவார்கள். அந்த இடத்திலேயே ஆர்டர் இல்லாத வாடிக்கையாளர்கள் காணாமல் போய்விடுவார்கள். லெஃப்ட் ஜாயின் இரண்டு பட்டியலிலும் இருப்பவர்களை மட்டும் தரும் வெறும் இன்னர் ஜாயின் ஆகிவிடும். நிபந்தனை ஆன் (ON) பகுதியில் இருக்க வேண்டும். மூன்று வருடம் சப்போர்ட்டில் இருந்தவர் இதில் தடுமாறினால் எனக்கு ரெஸ்யூமே மேலேயே சந்தேகம் வந்துவிடும். டிகிரி எங்கே வாங்கினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, என்ன மாதிரி வேலை கிடைக்கும்? இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்பது கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் எம்பிஏவுக்கும் நடுவில் இருக்கும் படிப்பு. படித்தவர்கள் போய்ச் சேருவது பெரும்பாலும் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட், ஐடி ஆடிட், டெக்னாலஜி கன்சல்டிங் என்ற பெயர்களில். எஸ்ஏபி, ஆரக்கிள், ஒர்க்டே, சர்வீஸ்நவ், சேல்ஸ்ஃபோர்ஸ் மாதிரி மென்பொருளைக் கம்பெனிகளில் நிறுவி நடத்தும் வேலை இன்னொரு பெரிய வட்டம். டேட்டா அனலிஸ்ட் பக்கம் கூட்டம் மிக அதிகம். டேட்டாவை வரைபடமாக்கும் டாப்லோவும் பவர் பிஐயும் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். வெறும் ரிப்போர்ட் போடுவது, மீட்டிங் குறிப்பெடுப்பது மாதிரியான தொடக்கநிலை வேலைகளை ஏஐ கருவிகளே பாதி செய்துவிடுவதால் அந்த இடங்கள் இன்னும் இறுகும் என்பது என் கணிப்பு. ப்ராடக்ட் மேனேஜர் ஆசை எல்லோருக்கும் உண்டு. முதல் வேலையாக அது கிடைப்பது அபூர்வம். சைபர் செக்யூரிட்டியில் அமெரிக்க அரசு ஒப்பந்த வேலைகள் பலவும் குடியுரிமை கேட்கும், அவற்றைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

உங்கள் மகளுக்கு நான் காட்டும் பக்கம் ஐடி ஆடிட்டும் டெக்னாலஜி ரிஸ்க்கும். டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி நான்குக்கும் இதில் தனிப் பிரிவுகள் உண்டு. பெரிய வங்கிகளுக்குள்ளும் இதே வேலை இருக்கிறது. யாருக்கு எந்த அக்சஸ் கொடுத்திருக்கிறது, புரொடக்‌ஷனில் ஒரு மாற்றம் போனால் யார் ஒப்புதல் கொடுத்தார், பேட்ச் ஜாப் தோற்றால் யார் கவனித்தார் என்று சோதிக்கிற வேலை. மூன்று வருடம் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து ஆடிட்டர் கேட்ட ஸ்கிரீன்ஷாட்டை எல்லாம் எடுத்துக் கொடுத்தவர் அவர். சப்போர்ட் வேலையைத் தாழ்வாக நினைத்து அதை மறைக்கப் பார்க்கிற பிள்ளைகள்தான் அதிகம். மறைக்க வேண்டாம், இந்தப் பக்கம் அது சொத்து.

இனி விசா. படிப்பு முடிந்ததும் ஓபிடி என்று 12 மாத வேலை அனுமதி. படிப்பு ஸ்டெம் பட்டியலில் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கான அமெரிக்க அரசுப் பட்டியல்) இருந்தால் மேலும் 24 மாதம். ஆக மொத்தம் 36. பத்து மாதம் படித்தாலும் இரண்டு வருடம் படித்தாலும் இந்த 36 மாதம் ஒன்றுதான். குறுகிய படிப்பின் நிஜமான லாபம் இது: குறைந்த செலவில் அதே நீள அனுமதி.

ஆனால் ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் படிப்பின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு படிப்புக்கும் சிஐபி எண் என்று ஒன்று உண்டு, விசாவுக்காகக் காலேஜ் கொடுக்கும் ஐ-20 தாளிலேயே அச்சாகியிருக்கும். 11 என்று தொடங்கினால் கம்ப்யூட்டர், தகவல் துறை, கவலை இல்லை. பிசினஸ் ஸ்கூல் நடத்தும் படிப்பாக இருந்து 52 என்று தொடங்கினால் நிற்க வேண்டும். அந்த வரிசையில் சில எண்கள் மட்டுமே பட்டியலில் இருக்கின்றன; மேனேஜ்மென்ட் சயின்ஸுக்கான 52.1301 அவற்றில் ஒன்று. பெயர் ஒன்றாகவே இருக்கும், எண் வேறாக இருக்கும், இரண்டு வருட வேலை அனுமதி காற்றில் போய்விடும். இரண்டு காலேஜுக்கும் இன்றே மெயில் போட்டு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஓபிடி விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து போடலாம்; முடிந்து 60 நாளுக்குள் போட்டாக வேண்டும். எந்த நாளிலிருந்து ஓபிடி தொடங்க வேண்டும் என்பதை மாணவரே அந்த 60 நாளுக்குள் தேர்ந்தெடுக்கலாம். இது சின்ன விஷயம் இல்லை. ஓபிடி தொடங்கிய பிறகு வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். தாண்டினால் விசா நிலை போய்விடும். கையில் ஆஃபர் இல்லாதவர் தொடக்க நாளைத் தள்ளி வைத்தால் தேடுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். வேலை கிடைத்தவர் தள்ளி வைக்கத் தேவையில்லை. முதல் 12 மாதத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் படிப்புக்குத் தொடர்பான வேலை செய்தால் சம்பளம் இல்லாவிட்டாலும் ஏற்பார்கள். பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவி, ஒரு தொண்டு நிறுவனத்துக்கு டேட்டாபேஸ் வேலை என்று அந்த 90 நாளைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஸ்டெம் நீட்டிப்பில் அது நடக்காது: சம்பளம் வேண்டும், கம்பெனி ஈ-வெரிஃபையில் (அரசின் வேலை அனுமதிச் சரிபார்ப்பு முறை) பதிவாகியிருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும்.

விண்ணப்பப் படிவங்களில் இரண்டு கேள்வி எப்போதும் வரும். “அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா?” ஓபிடி கையில் இருந்தால் ஆம். அடுத்தது, “இப்போதோ எதிர்காலத்திலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?” இதற்கும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆமுக்குப் பிறகு பல இடங்களில் ஐந்தே நிமிடத்தில் “வருந்துகிறோம்” என்று மெயில் வரும். மனிதர் யாரும் படித்திருக்க மாட்டார். பொய்யாக இல்லை என்று போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆஃபர் வந்தபின் தெரிந்தால் அதோடு முடிந்தது, செய்யக் கூடாது. அதற்குப் பதில், ஸ்பான்சர் செய்கிற கம்பெனிகளின் பட்டியலோடு தேடுவது நல்லது. எந்தக் கம்பெனி எத்தனை எச்-1பி (கம்பெனி வாங்கித் தரும் வேலை விசா) எடுத்தது என்பதை அமெரிக்கக் குடியேற்றத் துறையே தன் இணையதளத்தில் போடுகிறது; எந்த வேலைக்கு எந்த ஊரில் என்ன சம்பளம் சொல்லி விண்ணப்பித்தார்கள் என்பதைத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது. இலவசம். ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் நூறு கம்பெனிப் பெயர் கிடைக்கும்.

எச்-1பியில் சமீபத்திய மாற்றங்கள் நிறைய. வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குத் தனியாக 20,000. அந்தத் தனி ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகம் அரசு நடத்துவதாகவோ லாப நோக்கமற்றதாகவோ இருக்க வேண்டும். கேட்பவர்கள் இதைவிட அதிகம் என்பதால் மார்ச்சில் பதிவு செய்தவர்களிலிருந்து குலுக்கலில் எடுப்பார்கள். 2025 மார்ச் பதிவில் தகுதியான பதிவுகள் சுமார் 3,44,000. தேர்வானவை சுமார் 1,20,000. மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். 2026 மார்ச்சிலிருந்து குலுக்கலில் சம்பள நிலைக்கு எடை வந்துவிட்டது. நான்கு நிலைகளில் உச்சமான நான்காம் நிலைச் சம்பளம் உள்ளவரின் பெயர் நான்கு முறை பெட்டிக்குள் போகும், முதல் நிலையில் இருப்பவருக்கு ஒரே முறை. புதிதாகப் படித்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதல், இரண்டாம் நிலைதான், அடி அவர்களுக்குத்தான்.

இதில் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம்: சம்பள நிலை ஊருக்கு ஊர் மாறும். சான் ஹோசேயில் முதல் நிலையாக இருக்கிற அதே சம்பளம் ஒஹாயோவின் கொலம்பஸில் அதைவிட உயர்ந்த நிலையாக இருக்கலாம். அங்கே பெரிய வங்கி, காப்பீட்டு அலுவலகங்களும் இருக்கின்றன, வீட்டு வாடகையும் கம்மி. கலிஃபோர்னியா, நியூயார்க் என்று மட்டும் பார்க்காமல் இந்த மாதிரி ஊர்களில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

செய்தியில் நீங்கள் பார்த்த ஒரு லட்சம் டாலர் கட்டணம், 2025 செப்டம்பரில் 12 மாதத்துக்கு என்று வந்த அறிவிப்பு. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் போடும் புதிய விண்ணப்பங்களுக்கு அது. அங்கேயே படித்து எஃப்-1லிருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்குப் பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள். அதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள்: வேலை கிடைக்காமல் திரும்பி வந்துவிட்டால், சென்னையிலிருந்தபடி எச்-1பி வாங்குவது மிகக் கடினம்.

குலுக்கலே இல்லாத ஒரு கதவும் உண்டு. பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாப நோக்கமற்ற மருத்துவமனைகளும் எந்த மாதத்திலும் எச்-1பி போடலாம், எண்ணிக்கை வரம்பு கிடையாது. அங்கே சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் வேலைகள் நிறைய. சம்பளம் தனியார் கம்பெனியைவிடக் குறைவாக இருக்கும், அதனால் நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. எனக்குத் தெரிந்து நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் அவர்கள்தான்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆஃபர் வராமல் நாள் ஓடும்போது, “நாங்கள் பே ரோலில் போட்டுக்கொள்கிறோம், ஐந்து வருட அனுபவம் என்று ரெஸ்யூமே மாற்றித் தருகிறோம்” என்று தமிழிலும் தெலுங்கிலும் போன் வரும். மறுபக்கம், சேர்ந்த முதல் நாளிலிருந்தே சிபிடி தருகிறோம் என்று சில காலேஜ்கள். 2019இல் மிச்சிகனில் ஃபார்மிங்டன் என்ற பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பல்கலைக்கழகமே அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் விரித்த வலை. இல்லாத கம்பெனியில் வேலை செய்வதாகக் காட்டிய ஓபிடிக்காரர்களை 2020இலும் பிடித்தார்கள். அந்த போன் வந்தால் வீட்டுக்குச் சொல்லிவிடும்படி மகளிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் கடன் இருக்கிறதே என்ற பயத்தில்தான் அதற்குத் தலையாட்டுகிறார்கள்.

கடனுக்கு வருவோம். 40 லட்சம், 11% வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலமும் அதற்குப் பிறகான அவகாசமும் சேர்த்து ஒன்றரை வருடம் கட்டவில்லையென்றால், தனி வட்டியாகப் பார்த்தாலே 6.6 லட்சம் மேலே ஏறிவிடும். 46.6 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 64,000 ரூபாய். அமெரிக்காவில் வேலை இருந்தால் இது பெரிய தொகை இல்லை. ஓபிடி காலத்தில் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் (ஓய்வூதியம், முதியோர் மருத்துவம்) பிடித்தமான 7.65 சதவீதமும் மிச்சம் என்பதால் மூன்று வருடத்தில் அடைத்தவர்களை அறிவேன். ஆனால் அதே 64,000ஐ சென்னைச் சம்பளத்திலிருந்து கட்ட முடியுமா என்று பாருங்கள். மகள் இப்போது வாங்கும் சம்பளம், திரும்பி வந்தால் எதிர்பார்க்கக்கூடியது, உங்கள் பென்ஷன் எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். கட்ட முடியும் என்றால் பத்திரத்தை வைக்கலாம். முடியாது என்றால், அமெரிக்க வேலை கிடைத்தே தீரும் என்ற நம்பிக்கையை அடமானம் வைக்கிறீர்கள், வீட்டை அல்ல. அப்படியானால் கடனை 25 லட்சத்துக்குள் கொண்டுவரும் வழியைப் பாருங்கள்: இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்துச் சேமிப்பு, அட்மிட்டை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்பது, ஸ்காலர்ஷிப்புக்குத் திருப்பி எழுதுவது. அட்மிட் கொடுத்த பிறகு ஸ்காலர்ஷிப் கேட்பதில் தவறே இல்லை, பலரும் கேட்கிறார்கள், சிலருக்குக் கிடைக்கிறது.

சின்னக் கணக்குகள் இரண்டு: வங்கி அல்லது அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடன் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, 2025 ஏப்ரலிலிருந்து வரிப் பிடித்தம் இல்லை. வட்டிக்கு வருமான வரியில் எட்டு வருடம் வரை கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும்.

திரும்பி வர நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை என் மேசையிலிருந்து சொல்கிறேன். பெருங்குடி, தரமணி, கிண்டி, மணப்பாக்கம் என்று ஜிசிசிகள் பெருகிவிட்டன. ஆள் தேவை இருக்கிறது. ஆனால் அமெரிக்க எம்.எஸ். மட்டும் இருந்து அங்கே வேலை பார்த்த அனுபவம் இல்லையென்றால், நாங்கள் கொடுக்கும் இடம் போவதற்கு முன் அவர் இருந்த இடத்தைவிட ஒரு படிதான் மேல். அங்கே இரண்டு வருடம் பார்த்துவிட்டு வந்தால் கதை வேறு. அந்த ஊர் ஆட்களோடு போனில் பேசி வேலை வாங்கத் தெரிந்தவர் என்று உடனே எடுப்போம். இன்னொன்று: இங்கே ஒரு பன்னாட்டுக் கம்பெனியில் ஒரு வருடம் முழுதாக வேலை பார்த்தவரை அதே கம்பெனி எல்-1 விசாவில் அமெரிக்க அலுவலகத்துக்கு அனுப்பலாம். அதற்குக் குலுக்கல் கிடையாது. படிக்காமலேயே அங்கே போகும் வழி அது. எல்லோருக்கும் கிடைக்காது, ஆனாலும் 40 லட்சத்துக்கு முன் அதைப் பற்றியும் யோசித்திருக்க வேண்டும்.

வேறு நாடு? சுருக்கமாக. பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஒரு வருடம்தான். படித்தபின் இரண்டு வருடம் தங்கலாம் என்பது 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அயர்லாந்தில் முதுகலைக்கு 24 மாதம் தங்கலாம். டப்ளினில் அமெரிக்க டெக் கம்பெனிகளின் ஐரோப்பிய அலுவலகங்கள் இருக்கின்றன, வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. கனடாவில் எட்டு மாதத்துக்குக் குறையாத முதுகலைக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மூன்று வருட வேலை அனுமதி கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே வேலைச் சந்தை சின்னது. மகளின் அட்மிட் அமெரிக்காவில் என்பதால் இவற்றை இதற்கு மேல் நீட்டவில்லை.

காலேஜ்கள் அனுப்பும் வேலைவாய்ப்பு அறிக்கையை எப்படிப் படிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். “95 சதவீதம் வேலை” என்று இருந்தால், எத்தனை பேர் தகவல் கொடுத்தார்கள் என்று பாருங்கள்; பதில் சொன்னவர்களுக்குள்தான் அந்த 95. மூன்று மாதக் கணக்கா ஆறு மாதக் கணக்கா என்று பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி எண் இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்று மழுப்பினால் புரிந்துகொள்ளலாம். கடைசியாக, லிங்க்ட்இன்னில் அந்தப் படிப்பை இரண்டு வருடத்துக்கு முன் முடித்த இந்தியப் பெயர்களைத் தேடி, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். நான்கைந்து பேருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினால் ஒருவராவது பதில் எழுதுவார். அந்த ஒரு பதில் அறிக்கையைவிட நம்பகமானது.

விசா இன்டர்வியூ பற்றி ஒன்று. ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதிகாரி கேட்கும்போது, “அங்கே வேலை பார்க்கப் போகிறேன்” என்ற தொனி வரவே கூடாது. எஃப்-1 படிப்புக்கான விசா, படித்துவிட்டுத் திரும்பும் எண்ணம் இருக்கிறது என்று அவர் நம்ப வேண்டும். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்குச் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறார்கள், அதையும் முன்கூட்டியே செய்துவிடட்டும். ஏன் பத்து மாதம், ஏன் பதினாறு மாதம், மூன்று வருட சப்போர்ட் வேலைக்குப் பிறகு ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விகளுக்கு மனப்பாடம் இல்லாத பதில் அவரிடம் இருக்க வேண்டும். சிஐபி எண்களும் இரண்டு படிப்பின் முடிவு நாட்களும் வந்ததும் எழுதுங்கள், ஓபிடி தேதிகளைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.